அச்சத்தால் வந்த மனஸ்தாபம்

மனஸ்தாபம் இருவகைப்படும் என்பது மறைக்கல்வி வகுப்பில் சிறுவயதிலேயே நம் அனைவருக்கும் கற்பிக்கப்பட்ட பாடம். கடவுள்மேல் கொண்ட அன்பினால் பாவத்திற்காக வருந்துவது உத்தம மனஸ்தாபம். நரகத்திற்கு அஞ்சியோ, பாவம் கொண்டுவரும் கேட்டிற்கு அஞ்சியோ வருந்துவது அதனினும் குறைந்தது. குறைந்ததாயினும் அதைத் திருச்சபை தள்ளிவிடவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் இறையருளைப் பெற அதுவும் ஒருவரைத் தயார் செய்கிறது என்று 1551ஆம் ஆண்டு திரிதெந்துப் பொதுச்சங்கம் படிப்பித்தது. குருமடத்தில் இதைப் பயின்ற நாட்களில், தேர்வுக்காக மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு வேறுபாடாகவே இது நமக்குத் தோன்றியது. ஒரு மனிதர் கேட்ட கேள்வியால் பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான் அதன் ஆழம் விளங்கிற்று.

2009ஆம் ஆண்டு தவக்காலத்தின் முதல் ஞாயிறு. கடலோரப் பங்கு ஒன்றில் அப்போது நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். உலகமெங்கும் வங்கிகள் சரிந்து கொண்டிருந்த காலம் அது. மறையுரையில் நாம், இந்த நெருக்கடி மனிதனின் பேராசைக்குக் கடவுள் அளித்த தண்டனை என்று சற்று உரத்த குரலிலேயே முழங்கினோம். திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் வந்து நின்றார். துபாயில் சென்ட்ரிங் வேலை பார்த்துவிட்டு, ஒப்பந்தம் முடியும் முன்பே திருப்பி அனுப்பப்பட்டவர். ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக வீட்டுப் பத்திரத்தை வட்டிக்காரரிடம் வைத்துவிட்டுப் போனவர்.

"சாமி, ஒரு சந்தேகம். பேராசைப்பட்டவன் அமெரிக்காவில இருக்கான். வேலை போனது எனக்கு. கடவுள் தண்டனை கொடுக்கும்போது விலாசம் தப்பிப் போயிருமா?"

நம்மிடம் பதில் இல்லை. "செபித்துக்கொள்ளுங்கள் தம்பி" என்று மட்டும் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தக் கேள்வியோ போகவில்லை. புரியாத ஒன்றைப் பற்றித் திருப்பீடத்தருகே நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம் என்ற உறுத்தல் அன்றிரவு நம்மைத் தூங்கவிடவில்லை. அதன்பின்னரே நடந்தது என்ன என்று படிக்கத் தொடங்கினோம்.

நடந்தது இதுதான். திருப்பிச் செலுத்த வசதியில்லாதவர்களுக்கும் வீடு வாங்குவதற்கு அமெரிக்க நிறுவனங்கள் தாராளமாகக் கடன் வழங்கின. பின்னர் அக்கடன் பத்திரங்களை ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கட்டி, துண்டு துண்டாக உலகமெங்கும் விற்றன. வீட்டு விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் எல்லாரும் வாங்கினர். விலை இறங்கத் தொடங்கியதும், யாரிடம் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 1850இல் தொடங்கப்பட்ட லேமன் பிரதர்ஸ் என்னும் நிறுவனம், 61,300 கோடி டாலர் கடனோடு 2008 செப்டம்பர் 15 அன்று திவாலானது. அன்று முதல் வங்கியை வங்கி நம்பவில்லை. கடன் நின்றது, கடனை நம்பி நடந்த வாணிபமும் நின்றது. 2009ஆம் ஆண்டில் உலக வாணிபம் ஏறத்தாழ 12 விழுக்காடு சுருங்கிற்று. கடன் வாங்கியே வானளாவக் கட்டிக்கொண்டிருந்த துபாயில் பாரந்தூக்கிகள் அசையாமல் நின்றன. நியூயார்க்கில் எவனோ செய்த பிழை, நம் பங்கில் ஒருவருடைய வீட்டுப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டது இப்படித்தான். விலாசம் தப்பியது கடவுளுடைய தண்டனையன்று. மனிதர் கட்டிவைத்த பாதை அப்படி அமைந்திருந்தது.

நோய் இவ்வாறு நாடுவிட்டு நாடு பாய்ந்தபோது, மருந்தும் நாடுவிட்டு நாடு வரவேண்டியதாயிற்று. உலகம் இதற்குமுன் ஒருமுறை இதே சோதனைக்கு உட்பட்டுத் தோற்றிருந்தது. 1929இல் தொடங்கிய பெருமந்தத்தின்போது, அமெரிக்கா 1930இல் இறக்குமதி வரியை உயர்த்திற்று. பிற நாடுகளும் பதிலுக்குத் தங்கள் கதவுகளை அடைத்தன. 1933 ஜூன் மாதம் 66 நாடுகளின் பேராளர்கள் இலண்டனில் கூடி, ஒரு பொதுவான வழியைத் தேடினர். நாணய மதிப்பை நிலைநிறுத்தும் உடன்பாட்டை ஏற்க இயலாதென்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஜூலை தொடக்கத்தில் செய்தி அனுப்பினார். மாநாடு அத்துடன் உயிரிழந்தது. 1929க்கும் 1933க்கும் இடையே உலக வாணிபத்தின் மதிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த வறுமையிலும் கசப்பிலும் என்னென்ன முளைத்தன என்பதை வரலாறு அறியும்.

2008இல் ஆட்சியில் இருந்தோர் இந்தக் கதையைப் படித்திருந்தனர் என்பது உலகம் செய்த புண்ணியம். அக்டோபர் 8 அன்று அமெரிக்கா, ஐரோப்பா, இங்கிலாந்து, கனடா, சுவீடன், சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் ஆறு மத்திய வங்கிகள் ஒரே நாளில், பேசி வைத்துக்கொண்டு வட்டியைக் குறைத்தன. அமெரிக்க மத்திய வங்கி, டாலருக்குத் தவித்த 14 மத்திய வங்கிகளோடு நாணயப் பரிமாற்ற உடன்பாடு செய்துகொண்டது. அவ்வாண்டின் இறுதியில் அவ்வழியே கைமாறியிருந்த தொகை மட்டும் ஏறத்தாழ 58,000 கோடி டாலர். சீனா 4 இலட்சம் கோடி யுவான் செலவுத் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்கா 78,700 கோடி டாலருக்கு மீட்புச் சட்டம் இயற்றிற்று. 1933இல் தோற்ற அதே இலண்டன் மாநகரில், 2009 ஏப்ரல் 2ஆம் நாள், ஜி-20 நாடுகளின் தலைவர்கள் கூடினர். குருத்து ஞாயிற்றுக்கு மூன்று நாள் முந்திய வியாழன் அது. பிரிட்டனின் பிரதமர் கார்டன் பிரவுன் அழைப்பாளர். அமெரிக்கத் தலைவர் ஒபாமாவும் நம் பிரதமர் மன்மோகன் சிங்கும் ஒரே மேசையில் அமர்ந்தனர்.

அன்று அவர்கள் அறிவித்த உதவி 1,10,000 கோடி டாலர். பன்னாட்டு நிதியத்தின் கடன் வழங்கும் வலிமை மும்மடங்காக்கப்பட்டு 75,000 கோடியாக உயர்ந்தது. நாடுகளின் கையிருப்பை வலுப்படுத்தும் சிறப்பு எடுப்புரிமைகளாக 25,000 கோடி. வளர்ச்சி வங்கிகளின் வழியாக 10,000 கோடி. கப்பலேறாமல் துறைமுகங்களில் தேங்கிக் கிடந்த சரக்குகளுக்கு வணிகக் கடனாக 25,000 கோடி. வங்கிகளைக் கண்காணிக்க நிதி நிலைத்தன்மை வாரியம் என்னும் அமைப்பும் ஏற்படுத்தப்பட்டது. 1930களில் நடந்ததைப்போல் கதவுகளை அடைத்துக்கொள்ளமாட்டோம் என்று ஒருவருக்கொருவர் வாக்களித்தனர். அவ்வாக்கு ஆங்காங்கே மீறப்பட்டது. என்றாலும் பெருமளவில் நின்றது. வீழ்ச்சி தடுக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் நம் நாட்டினர் மறக்கவியலாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1991 ஜூலையில் இந்தியா, இறக்குமதிக்குக் கொடுக்க அயல்நாட்டுப் பணமின்றி, ஏறத்தாழ 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி அயல்நாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. வீட்டுப் பெண்ணின் கழுத்து நகை அடகுக் கடைக்குப் போவதைப் பார்த்தவர்கள் போல் அன்று நாடே தலைகுனிந்தது. 2009 நவம்பரில் அதே இந்தியாவின் ரிசர்வ் வங்கி, பன்னாட்டு நிதியம் விற்ற தங்கத்திலிருந்து 200 டன்னை 670 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்தத் தங்க விற்பனையில் கிடைத்த ஆதாயத்தின் ஒரு பகுதி, மிக வறிய நாடுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்கப் பயன்பட்டது. அடகு வைத்தவன் பதினெட்டு ஆண்டுகளில் வாங்குபவனாக மாறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கடன்பட்டவனை என்றைக்கும் கடன்பட்டவனாகவே எண்ணிவிடக் கூடாது என்ற பாடம் இதில் உண்டு. அந்தப் பாடத்தை நாமே மறந்தோம் என்பதைப் பின்னர் சொல்வோம்.

இவ்வளவு நன்மையையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அவர்களை ஒன்றுகூட்டியது எது? அன்பா? அன்று. அச்சமே கூட்டியது. பக்கத்து வீடு எரிந்தால் தம் கூரையிலும் தீப்பிடிக்கும் என்ற அச்சம். ஆகவேதான் தீ எந்தக் கூரைகளை நெருங்கியதோ அந்தக் கூரைகளுக்கே முதலில் தண்ணீர் சென்றது. முன்னர்க் குறிப்பிட்ட அந்த 14 மத்திய வங்கிகளின் பட்டியலில் ஆப்பிரிக்க நாடு ஒன்றுகூட இல்லை; இந்தியாவும் இல்லை. 25,000 கோடி டாலர் மதிப்புள்ள எடுப்புரிமைகள், நிதியத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள பங்கின்படியே பகிரப்பட்டன. ஆகவே பெரும்பகுதி செல்வ நாடுகளுக்கே சென்றது. மிக வறிய நாடுகள் அனைத்திற்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 1,800 கோடி. பசித்தவனுக்குப் பசியின் அளவில் பரிமாறாமல், அவன் ஏற்கெனவே வைத்திருந்த பாத்திரத்தின் அளவில் பரிமாறிய பந்தி அது.

இதைச் சுட்டிக்காட்டிய குரல்களுள் ஒன்று உரோமையிலிருந்து எழுந்தது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவ்வாண்டு மார்ச் மாதத்தில்தான் காமரூனுக்கும் அங்கோலாவுக்கும் சென்று திரும்பியிருந்தார். இலண்டன் கூட்டத்திற்கு மூன்று நாட்களுக்கு முன் பிரதமர் பிரவுனுக்கு அவர் ஒரு மடல் எழுதினார். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே ஒரு நாடும் சில வட்டார அமைப்புகளுமே அம்மேசைக்கு அழைக்கப்பட்டிருப்பதை அம்மடலில் சுட்டிக்காட்டி, நெருக்கடியால் மிகுதியாகத் துன்புறுவோர் பேசும் உரிமையற்றவராய் இருப்பதைக் குறித்துச் சிந்திக்க வேண்டினார். சில மாதங்களில் வெளியான 'உண்மையில் அன்பு' என்னும் சுற்றுமடலில், பொருளாதாரத்தில் கொடைக்கும் உடன்பிறப்பு உணர்வுக்கும் இடமுண்டு என்று வலியுறுத்தினார். தோழமை என்பது பிறர் துன்பத்தைக் கண்டு எழும் மேலோட்டமான இரக்கமன்று, பொதுநலனுக்காகத் தன்னை ஈடுபடுத்தும் உறுதியான மனவுறுதி என்று திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1987லேயே எழுதியிருந்ததை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

உலகத் தலைவர்களைப் பற்றி இவ்வாறு எழுதுவது எளிது. நம் பங்கில் நடந்ததை எழுதுவதுதான் கடினம்.

அந்தத் தவக்காலத்தில் வளைகுடா நாடுகளிலிருந்து நம் பங்குக்குத் திரும்பியிருந்தோர் பதினேழு பேர். பங்குப் பேரவையைக் கூட்டி, அவ்வாண்டுத் திருவிழாவில் வாணவேடிக்கையையும் பேண்டு வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை வீட்டுக்கு 12,000 ரூபாய் வீதம் வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாம் என்று கேட்டோம். வாக்குவாதம் இரவு பதினொரு மணி வரை நீண்டது. முடிவில் இசைந்தார்கள். எதனால் இசைந்தார்கள் என்பதை நாம் அன்றே கவனித்தோம். "வீடு வட்டிக்காரன் கைக்குப் போனா, நாளைக்கு நம்ம தெருவில யார் வந்து உக்காருவான்னு சொல்ல முடியாது சாமி" என்றார் ஒரு பெரியவர். "என் கடையில அவங்க பற்று நிக்குது. கையில காசு வந்தாத்தானே எனக்கும் வரும்" என்றார் மளிகைக் கடைக்காரர். மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களுள் அந்தப் பதினேழு பேரில் ஒருவர்கூட இல்லை. அவர்களை அழைக்கவேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை.

கடன் கொடுக்கப்பட்டது. வட்டிக்காரர்களுக்கு ஒரு தவணை சென்றது. வீடுகள் தப்பின. மளிகைக் கடைப் பற்றும் அடைந்தது. அச்சமும் அடங்கிற்று.

அச்சம் அடங்கியபின் என்ன ஆகும் என்பதை உலகமும் நம் பங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் காட்டின. 2010 ஜூனில் டொரண்டோவில் கூடிய ஜி-20 தலைவர்களின் பேச்சே மாறியிருந்தது. கூடிச் செலவிட்டு மீள்வோம் என்றவர்கள், செல்வ நாடுகளின் பற்றாக்குறையை 2013க்குள் பாதியாகக் குறைப்போம் என்றனர். அவரவர் கணக்கு அவரவர்க்கு என்ற பழைய நிலை திரும்பிற்று. அவ்வாண்டு மே மாதம் கடனில் மூழ்கிய கிரேக்க நாட்டுக்கு 11,000 கோடி யூரோ கடன் அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு, அந்நாட்டுக்கு முன்னரே கடன் கொடுத்திருந்தவர்களை அடைக்கவே சென்றது. முதியோரின் ஓய்வூதியம் வெட்டப்பட்டது. கிரேக்கர் சோம்பேறிகள் என்ற ஏச்சும் உடன் சேர்ந்தது. கடன் சுமையைக் காலத்தே குறைக்கத் தவறியதையும், தன் கணிப்புகள் பிசகியதையும் 2013இல் பன்னாட்டு நிதியமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

இத்தனைக்கும் 1953 பிப்ரவரியில், அதே இலண்டனில், மேற்கு ஜெர்மனியின் அயல்நாட்டுக் கடனில் ஏறத்தாழப் பாதி தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. எஞ்சியதும் அந்நாட்டின் ஏற்றுமதி வருவாய் தாங்கக்கூடிய தவணைகளாகப் பிரித்து நீட்டிக்கப்பட்டது. அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்ட கடன் கொடுத்தோருள் கிரேக்கமும் ஒன்று. ஜெர்மானியப் படைகளால் சூறையாடப்பட்டு பத்தாண்டுகூட ஆகாத கிரேக்கம். பொதுவுடைமை நாடுகளைப் பற்றிய அச்சமும் அந்தத் தள்ளுபடிக்குப் பின்னால் இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் விழுந்தவன் எழுந்து நடந்தால்தான் கடனும் திரும்பும், உறவும் திரும்பும் என்பதை அன்றைய தலைமுறை அறிந்திருந்தது.

நம் பங்கிற்கு வருவோம். அடுத்த ஆண்டுத் திருவிழா நெருங்கிற்று. கொடிமரம் புதுப்பிக்கவேண்டும் என்றார்கள். கோயில் பணம் வெளியே நிற்கிறதே என்று பேரவையில் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினர். பதினேழில் எட்டுப்பேர் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது பேர் கொடுக்கவில்லை. "சாமி பேரை வாசிச்சாத்தான் வரும்" என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமண ஓலைகளை வாசிக்கும் அதே இடத்தில் நின்று, நாம் அந்த ஒன்பது குடும்பத் தலைவர்களின் பெயர்களையும் வாசித்தோம். நான்காவது பெயர், திருவுடை அறை வாசலில் கேள்வி கேட்ட அந்தத் தம்பியினுடையது. பெயரைச் சொல்லி நிமிர்ந்தபோது, மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய மகள் தலையைக் குனிந்துகொண்டதைக் கண்டோம். அடுத்த பெயரையும் வாசித்தோம். நிறுத்தவில்லை.

இரண்டு மாதத்தில் பணம் முழுவதும் வந்துசேர்ந்தது. கொடிமரம் நிமிர்ந்தது. அவர் திருப்பலிக்கு வருவது நின்றது.

ஓராண்டு கழித்து நமக்கு இடமாற்ற ஆணை வந்தபோது, போகுமுன் அவர் வீட்டுக்குச் சென்றோம். உள்ளூரிலேயே சென்ட்ரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். செய்தது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், பிறகு சொன்னார்: "வாங்கினது உண்மை, கொடுக்காம இருந்ததும் உண்மை. அதனால பேரை வாசிச்சதத் தப்புன்னு சொல்லமாட்டேன் சாமி. ஆனா வாங்கினவன் பேரை மட்டும் வாசிச்சீங்க. கொடுக்கும்போது யார் யார் எதுக்காகக் கொடுத்தாங்கன்னு வாசிக்கலையே."

இதற்கும் நம்மிடம் பதில் இல்லை. அவர் மன்னித்தாரா என்பதும் நமக்குத் தெரியாது. வாசல்வரை வந்து வழியனுப்பினார், அவ்வளவே.

இப்போது மனஸ்தாபத்தைப் பற்றிய அந்தப் பழைய பாடத்திற்குத் திரும்புவோம். இலண்டனில் கூடிய தலைவர்களின் மனஸ்தாபம் அச்சத்தால் வந்தது. நம் பங்குப் பேரவையின் மனஸ்தாபமும் அவ்வாறே. அதை இகழ்வதற்கில்லை. அச்சமாவது இருந்ததால் வீடுகள் தப்பின. உலகம் மீண்டும் ஒரு 1933ஐக் காணாமல் தப்பியது. கடவுளே ஏற்றுக்கொள்ளும் ஒன்றை நாம் தள்ள முடியாது. ஆனால் நல்ல ஒப்புரவுக்கு வருத்தம் மட்டும் போதாது. இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினையும், செய்த கேட்டிற்குப் பரிகாரமும் வேண்டும் என்றும் அதே மறைக்கல்விதான் சொல்லிற்று.

பிரதிக்கினை ஓரளவு எடுக்கப்பட்டது. வங்கிகள் கடன் கொடுக்குமுன் தம் சொந்த முதலாகக் கூடுதல் தொகையை வைத்திருக்கவேண்டும் என்று 2010இல் பாசல் நகர விதிகள் வகுக்கப்பட்டன. நம் தாய்மார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்களே, அதைப் போன்ற ஏற்பாடு. பரிகாரம்தான் பின்தங்கிவிட்டது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020 மே முதல் 2021 இறுதிவரை, வறிய நாடுகளின் கடன் தவணைகளை ஜி-20 நாடுகள் ஒத்திவைத்தன. 48 நாடுகள் அதனால் பயன்பெற்றன. ஒத்திவைக்கப்பட்ட தொகை சுமார் 1,290 கோடி டாலர். தனியார் கடன் நிறுவனங்களோ ஏறத்தாழ முழுவதுமாக விலகி நின்றன. 2021 ஆகஸ்டில் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள எடுப்புரிமைகள் வழங்கப்பட்டபோது, மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்தது சுமார் 2,100 கோடி. பாத்திரத்தின் அளவில் பரிமாறும் அதே பந்திதான். மாற்றம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமுடியாது. 2023 செப்டம்பரில் புது தில்லியில் நடந்த மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20இன் நிலையான உறுப்பாகச் சேர்க்கப்பட்டது. திருத்தந்தை பெனடிக்டின் மடலுக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து மேசையில் ஓர் இருக்கை கிடைத்தது. 2025 யூபிலி ஆண்டை அறிவித்த மடலில், திரும்பச் செலுத்தவே இயலாத நாடுகளின் கடனை மன்னிக்குமாறு செல்வ நாடுகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் வேண்டினார். அது பெருந்தன்மை சார்ந்ததைவிட நீதி சார்ந்த செயல் என்பதே அவர் கருத்து.

உத்தம மனஸ்தாபத்திலிருந்து பிறக்கும் உதவி எப்படியிருக்கும்? தொடக்கத் திருச்சபை அதைச் செய்துகாட்டியது. கிளாதியு பேரரசரின் காலத்தில் பஞ்சம் வரப்போகிறது என்று அகபு முன்னறிவித்தபோது, அந்தியோக்கியாவின் சீடர்கள் அவரவர் வசதிக்கேற்பப் பணம் சேர்த்து, யூதேயாவிலிருந்த உடன்பிறப்புகளுக்குப் பர்னபா, சவுல் வழியாக அனுப்பினர். பின்னாளில் பவுல் மாசிதோனியாவிலும் கிரேக்க நாட்டின் கொரிந்திலும் எருசலேமின் ஏழைகளுக்காக நன்கொடை திரட்டினார். மாசிதோனியர் தாமே கொடிய வறுமையில் இருந்தும் வலிந்து கொடுத்தனர். எருசலேம் வீழ்ந்தால் தம் கூரை எரியும் என்ற அச்சம் அவர்களுக்கு இல்லை. அந்நகரை அவர்களுள் பெரும்பாலோர் கண்டதுமில்லை. இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறையை நிரப்பட்டும், நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறையை நிரப்பும் என்னும் கருத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். கொடுப்பவர் என்றும் கொடுப்பவரல்லர், பெறுபவர் என்றும் பெறுபவரல்லர் என்பது அதன் உட்பொருள். 1991இல் அடகு வைத்து 2009இல் தங்கம் வாங்கிய நாட்டின் மக்களாகிய நமக்கு இது விளங்காதா? கொடுத்தவர் பெயரையோ, திருப்பித் தராதவர் பெயரையோ எந்தச் சபையிலும் பவுல் வாசித்ததாக விவிலியத்தில் இல்லை.

அடுத்து நாம் சென்ற பங்கில் நெருக்கடி எதுவும் இல்லை. மீன்பாடு நன்றாயிருந்த ஆண்டு. அந்த ஆண்டில்தான் பிடியரிசித் திட்டத்தைத் தொடங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி. மாதக் கடைசியில் அன்பியங்கள் வழியாகச் சேகரிப்பு. அதை நிருவகிக்கும் குழுவில் பாதிப்பேர், முன்பு உதவி பெற்றவர்களாக இருக்கவேண்டும் என்பது ஒரு விதி. பெற்றவர் பெயரை எங்கும் வாசிப்பதில்லை என்பது இன்னொரு விதி. இவ்விரு விதிகளையும் நமக்குக் கற்பித்தவர் யாரென்று அந்தப் பங்கு மக்களுக்குத் தெரியாது. பெரிய சாதனையாக இதைச் சொல்லவில்லை. பரிகாரத்தின் சிறு தொடக்கமாகவே சொல்கிறோம்.

மீண்டும் ஒரு நெருக்கடி வரும். உலகப் பொருளாதாரம் ஒரே கூரையாகப் பின்னப்பட்டிருக்கும்வரை அது தவிர்க்க முடியாதது. அன்றும் தலைவர்கள் அச்சத்தால் கூடுவார்கள். அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் அந்த மேசையில் யார் அமரவில்லை என்று பார்க்கவும், அச்சம் அடங்கியபின் யாருடைய பெயர் வாசிக்கப்படுகிறது என்று கேட்கவும் நம் கிறிஸ்தவ மனச்சான்று விழித்திருக்கவேண்டும். அது நம் வீட்டிலும் பங்கிலும் விழித்திருந்தால்தான் இலண்டனிலும் புது தில்லியிலும் ஒருநாள் விழிக்கும். அன்று திருவுடை அறையின் வாசலில் நின்றவரின் கேள்விக்கு, பிந்தியாவது நாம் சொல்லக்கூடிய பதில் இதுவே: தண்டனை விலாசம் தப்பி வந்தது உண்மைதான் தம்பி. இனி உதவியாவது விலாசம் தப்பாமல் வந்து சேரட்டும்.